பசிக்கலைன்னு சொன்னா நம்பாதீங்க!

— ஓர் இறுதியாண்டு மின்னியல் மாணவன், ஜேடர்பாளையம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேணும் என்று பேரவைச் செயலாளர் வந்து நின்றபோது, "சோலார் பேனல் பத்தி எழுது, இல்லாட்டி உங்க ஊர்ப் பெருமையை எழுது" என்றான். சோலார் பேனல் பற்றி எழுத நம் துறையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஊர்ப் பெருமையை எழுதலாம்தான். காவிரி, தடுப்பணை, ராஜா வாய்க்கால், பூங்கா வாசலில் பொரிக்கிற மீன், ஆலைக் கொட்டாயில் கொதிக்கிற வெல்லப்பாகின் வாசம்... ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாமக்கல்லில் இருந்தும் ஈரோட்டில் இருந்தும் குடும்பம் குடும்பமாகக் குளிக்கவும் சாப்பிடவும் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். கரும்பும் வாழையும் வெற்றிலையும் விளைகிற அந்த ஊரில், கையில் காசும் அடுப்பில் சோறும் இருக்கிற எங்கள் வீட்டில், ஒரு பெண் பட்டினியால் சாகக் கிடந்தாள். அதைத்தான் எழுதப்போகிறேன்.

என் பெயரைப் போடவில்லை. அக்கா சம்மதம் கொடுத்துவிட்டாள்; பெரியப்பா கொடுக்கவில்லை. யார் எழுதியது என்று நீங்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தாலும் தயவுசெய்து வீட்டுக்கு வந்து கேட்காதீர்கள்.

பெரியப்பா மகள். எனக்கு இரண்டு வயது மூத்தவள். பிளஸ் டூ படிக்கும்போது அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லை எண்ணெய் இல்லை என்று ஒரு மாதம் பத்தியம் வைத்தார்கள். காமாலை இறங்கியது. பத்தியம் இறங்கவில்லை! முதலில் எண்ணெய் வேண்டாம் என்றாள். அப்புறம் சனிக்கிழமை விரதம். அப்புறம் செவ்வாய், வெள்ளி. கிருத்திகை வந்தால் கபிலர்மலைக்கு நடந்தே போய், தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பி வருவாள். "எம்புள்ளைக்கு இந்த வயசுல என்ன பக்தி பாருங்க!" என்று பெரியம்மா வர்றவங்க போறவங்களிடம் எல்லாம் சொல்வார். நானும்தான் சொன்னேன். பொய் சொல்லக்கூடாது.

இதில் இன்னொரு அதிசயம். தான் சாப்பிடாதவள், ஊருக்கே சமைத்துப் போட்டாள். கச்சாயம் சுடுவாள், சந்தகை பிழிவாள், அரிசிம்பருப்பு சாதத்துக்கு நெய் ஊற்றி எங்கள் எல்லோருக்கும் தட்டில் போட்டு, நாங்கள் தின்பதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ சாமி" என்பாள். "நீ சாப்புடலியாக்கா?" என்று கேட்டால், "நான் அப்பவே தின்னுட்டேன்" என்பாள். செல்போனில் பார்ப்பதெல்லாம் சமையல் வீடியோதான். இப்படிப்பட்டவளுக்குச் சாப்பாட்டில் வியாதி என்று யார் நினைப்பார்கள்?

பதினாலு மாதத்தில் 51 கிலோவில் இருந்து 34 கிலோவுக்கு வந்தாள். சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கையிலும் முதுகிலும் பூனை மயிர் மாதிரி ரோமம் முளைத்தது. மாதவிலக்கு நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதையெல்லாம் ஆம்பளைப் பையன் எழுதுவதா என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். அப்படிச் சுளித்துச் சுளித்துத்தான் எட்டு மாதம் போனது!

வைத்தியம் பார்க்காமல் இல்லை. முதலில் பார்த்தவர் கேஸ் டிரபிள் என்று மாத்திரை கொடுத்தார். அடுத்தவர் பசிக்கு டானிக் எழுதினார். அந்த டானிக்கைக் குடித்து அவளுக்குத் தூக்கம்தான் வந்தது. மூன்றாவது இடத்தில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து "லேசாப் புண்ணு இருக்குது" என்றார்கள். டி.பி. இல்லை, தைராய்டு இல்லை, சர்க்கரை இல்லை. ஃபைல் முழுக்க நார்மல், நார்மல், நார்மல். இதற்கு நடுவில் யாரோ, "சோத்துல மருந்து வெச்சிருக்காங்க" என்று சொல்ல, இடுமருந்து எடுக்கிறவரிடம் கூட்டிப்போனோம். அவர் என்னத்தையோ எடுத்துக் காட்டி ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த ஆயிரம் போனது எனக்கு வருத்தமில்லை. அதனால் போன ரெண்டு மாசம்தான் வருத்தம்.

நம் லேபில் நடப்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். மோட்டார் ஓடவில்லை. டெஸ்டரை வைக்கிறோம், லைட் எரிகிறது. "சப்ளை இருக்குது சார்" என்கிறோம். நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும் தோழா! டெஸ்டர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியது. அக்காவின் ஃபைலும் அப்படித்தான். ரத்தமும் ஸ்கேனும் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டன. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை.

கேட்ட ஒருவரும் தப்பாகக் கேட்டார். பெரியப்பாவின் கூட்டாளி சொல்லி, ஒரு டவுனில் மனநல மருத்துவரிடம் போனோம். பெரியப்பாவைச் சம்மதிக்க வைக்கவே ஒரு மாதம் ஆயிற்று. ("எம்புள்ள பைத்தியமா?") அந்த டாக்டர் நல்ல மனிதர்தான். அக்காவிடம், "நீ குண்டா இருக்கேன்னு நினைக்கிறியாம்மா?" என்றார். "இல்லீங்க". "ஒல்லியாகணும்னு ஆசையா?" "இல்லீங்க". "கண்ணாடில பாத்தா எப்படித் தெரியுது?" "எலும்புதானுங்க தெரியுது". "பின்ன ஏன் சாப்பிட மாட்டேங்கறே?" "வயிறு கல்லு வெச்ச மாதிரி இருக்குதுங்க." அவ்வளவுதான். 'குண்டாகிவிடுவோம் என்கிற பயம் இல்லை' என்று எழுதி, மனச்சோர்வு என்று முடிவுசெய்து, அதற்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அது ஐந்து மாதம் ஓடியது. 38 கிலோவில் இருந்தவள் 34-க்கு வந்தது அந்த ஐந்து மாதத்தில்தான்.

அவர் படித்த புத்தகம் அப்படி. இந்த வியாதிக்கு அனோரெக்ஸியா நெர்வோஸா என்று பெயர். 1873-இல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவரும், அதே வருஷம் பாரிஸில் லாசேக் என்ற மருத்துவரும் தனித்தனியாக இதை விவரித்து எழுதினார்கள். அந்த நாள் பெண்கள் 'குண்டாகப் பயமாக இருக்கிறது' என்று சொன்னதாக அவர்கள் எழுதியதில் முக்கியமாக இல்லை. அந்தப் பயம் பின்னால் மேற்கு நாடுகளில்தான் நோயின் முக்கிய அடையாளம் ஆனது. ஆகிவிட்டபிறகு, அந்த அடையாளம் இல்லாத பெண்ணுக்கு நோயே இல்லை என்று உலகம் முழுக்க ஃபைலை மூடினார்கள்.

நம் பக்கம் அப்படி இல்லை என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். 1993-இல் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர், இந்த வியாதி வந்த 70 பேரைப் பார்த்து எழுதினார். அதில் 41 பேருக்குக் குண்டாவோம் என்ற பயமே இல்லை! வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு, பசி இல்லை, வயிறு வலிக்குது என்றுதான் சொன்னார்கள். எங்கக்கா சொன்ன அதே வார்த்தை. 1995-இல் டெல்லி மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதியபோதும், தன் உடம்பு பருமனாகத் தெரிகிற கோளாறு அவர்களிடம் இல்லை என்றே எழுதினார்கள். அதற்கும் முன்னால், 1989-இல், வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் கனடாவில் தயாரித்த கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு வேறொரு சங்கடம். 'வயிறு காலியாக இருப்பது பிடிக்குமா?', 'சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருப்பாயா?' என்ற கேள்விக்கு நம் ஊர்ப் பெண் 'ஆமாம்' என்றுதான் சொல்வாள். விரதம் இருக்கிற வீட்டில் வளர்ந்தவள் ஆயிற்றே! ஆக, வெளிநாட்டுக் கேள்வித்தாள் நல்லா இருக்கிறவளை நோயாளி என்கிறது, நோயாளியை நல்லா இருக்கிறாள் என்கிறது.

நல்லவேளை, புத்தகமும் மாறியிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல் திருத்தப்பட்டபோது, மாதவிலக்கு நிற்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பயம் என்று வாயால் சொல்லாவிட்டாலும், எடை ஏறவிடாமல் தடுக்கிற நடத்தை தொடர்ந்து இருந்தால் போதும் என்றும் சேர்த்தார்கள். 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் அந்தப் பயத்தைக் கட்டாயமாக்கவில்லை. புத்தகம் மாறிவிட்டது, டவுனில் இருக்கிற எல்லா டாக்டர் மேஜைக்கும் அது வந்து சேர்ந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

"இதெல்லாம் பணக்கார வியாதிப்பா. நம்ம ஊர்ல பாதிப் பொம்பளைங்களுக்கு ரத்தசோகை. அதைப் பாரு முதல்ல" என்று என் அறைத்தோழன் சொல்கிறான். ரத்தசோகை உண்மைதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இருந்தது. நான் அதை மறுக்கவில்லை. 1956-இல் காமராஜர் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022-இல் காலை உணவு என்று பசியைத் துரத்தித் துரத்தி அடித்த மாநிலம் இது. அதனாலேயே நமக்குப் பட்டினி என்றால் 'சோறு இல்லை' என்று மட்டும்தான் புரிகிறது. தட்டில் சோறு இருந்தும் வருகிற பட்டினி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் 1995-லேயே சென்னை மனநல மருத்துவர்கள் 210 மருத்துவ மாணவர்களிடம் விசாரித்து, அதில் 31 பேருக்குச் சாப்பாட்டைப் பற்றியும் எடையைப் பற்றியும் ஓயாத அவஸ்தை இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். முழு வியாதி இல்லை, வியாதியின் வாசல்படி. முப்பது வருஷம் ஆகிறது!

சரி, அக்கா கதைக்கு வருகிறேன். சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவள் (அப்போதும் பரிமாறத்தான் போயிருக்கிறாள்!) மயங்கி விழுந்தாள். கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாடி நிமிஷத்துக்கு 44. அங்கே வந்து பார்த்த டாக்டரம்மா, குண்டு ஒல்லி என்று பேச்சே எடுக்கவில்லை. "நேத்துக் காலைல எந்திரிச்சதுல இருந்து என்னென்ன சாப்பிட்டே, ஒவ்வொண்ணாச் சொல்லு கண்ணு" என்றார். "மிச்சத்தை என்ன பண்ணினே?" என்றார். அக்கா அழுதாள். மிச்சத்தை நாய்க்கும் மாட்டுத் தொட்டிக்கும் போட்டதைச் சொன்னாள். "சரி, நாலு வாய் கூடத் தின்னுட்டா என்ன ஆயிரும்னு பயம்?" என்று கேட்டார். ரொம்ப நேரம் கழித்து அக்கா சொன்னாள்: "கட்டு விட்டுப் போயிருமுங்க. ஒருக்கா விட்டுட்டா அப்புறம் எல்லாமே போயிரும்."

ஒன்றரை வருஷமாக வீடு வீடாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியதற்கு விடை அந்த ஒரு வரியில் இருந்தது. என்ன போயிரும் என்று எனக்கு இன்றைக்கும் முழுசாகப் புரியவில்லை. அந்த வருஷம் பிலிக்கல்பாளையம் வெல்ல மண்டியில் விலை சரிந்து பெரியப்பாவுக்குக் கடன். அவள் நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள், "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜாதகத்தை எடுத்தார்கள். இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு, ஒரே காரணம் என்று எதையும் பிடிக்காதீர்கள் என்று டாக்டரம்மாவே சொன்னார். சொல்லாமல் இருந்தாலும் பெரியப்பா தன்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

ஊருக்கே சமைத்துப் போட்டாளே, அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, நல்ல ஆரோக்கியமான 36 ஆண்களை அவர்கள் சம்மதத்துடன் 24 வாரம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். போரில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படிச் சோறு போடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை. அந்த ஆண்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றி. சிலர் சமையல் புத்தகம் வாங்கிச் சேர்த்தார்கள்! தட்டை நக்கினார்கள், சாப்பாட்டை ரொம்ப நேரம் வைத்துக்கொண்டு தின்றார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். பிடிவாதம், அழுத்தம், திமிர் என்று நாங்கள் அக்காவைத் திட்டிய எல்லாமே பட்டினி மூளையை என்ன செய்யும் என்பதன் பட்டியல்தான். அவள் குணமே அதுவல்ல. இது தெரிந்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

வைத்தியத்துக்கு வருவோம். முதல் நாளே பெரியம்மா நாட்டுக்கோழி குழம்போடு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போனார். நர்ஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டார். பெரியம்மாவுக்குக் கோபமான கோபம்! "பட்டினி கெடந்த புள்ளைக்குச் சோறு போடக்கூடாதுன்னா இது என்ன ஆஸ்பத்திரி?" என்று. பிறகுதான் விளக்கினார்கள். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால், இன்சுலின் சுரந்து ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச பாஸ்பேட், பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயம் தடுமாறும், உயிரே போகலாம். இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் இருந்து மீட்கப்பட்டவர்கள் வயிறார உண்டபிறகு செத்துப்போனது இப்படித்தான். அதனால் தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்து, தயமின் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். 19 நாள் இருந்தாள்.

அப்புறம்தான் உண்மையான வைத்தியம், வீட்டில். 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை இது. சின்ன வயசுக்காரர்களுக்குப் பெற்றோரையே வைத்தியர் ஆக்குவது. இந்த வியாதியைக் குணப்படுத்த மாத்திரை கிடையாது என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். மூன்று வேளை சாப்பாடு, நடுவில் மூன்று முறை சின்ன தீனி. என்ன, எவ்வளவு என்று பெரியம்மா முடிவு செய்வார். அக்காவோடு பேரம் கிடையாது. அவள் அடுப்படிக்கே போகக்கூடாது. அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், முடித்தபின் ஒரு மணி நேரம் யாராவது கூடவே உட்கார வேண்டும். கெஞ்சக்கூடாது, திட்டக்கூடாது. "நோய் வேற, உங்க புள்ள வேற. திட்டறதுன்னா நோயைத் திட்டுங்க" என்றார்.

இதில் நான் சொல்லியே ஆக வேண்டியவர் பெரியப்பா. வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து ஒரு நாளும் சாப்பிட்டிராத மனிதர். ஆலையில் இருந்து வந்தால் அவருக்குத் தனி இலை, தனி நேரம். அவர் ஏழு மாதம், ஒரு நாளைக்கு மூன்று தடவை, மகளுக்கு எதிரே உட்கார்ந்து கூடவே சாப்பிட்டார். கொப்பரை அடுப்பில் இருந்தாலும் ஆளை விட்டுவிட்டு வந்தார். முதல் மாதம் அக்கா தட்டைத் தூக்கி அவர் மேலேயே எறிந்தாள். சட்டையில் பச்சைப்பயிறு கடைசல் வழிய வழிய, "இன்னொரு தட்டு போடு" என்று மட்டும் சொன்னார். வாரத்துக்கு அரை கிலோ ஏறியது. சில வாரம் ஏறவில்லை, இறங்கியதும் உண்டு. ஒரு தடவை எடை பார்க்கும் முன்னால் ஒரு செம்புத் தண்ணியைக் குடித்துவிட்டுப் போய் ஏமாற்றப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதுவரை படித்துவிட்டு, "பாவம், பொம்பளைப் புள்ளைங்க வியாதி" என்று நினைத்த தோழனே, கொஞ்சம் இரு! நம் பாலிடெக்னிக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பையன்கள். நம் ஹாஸ்டலிலேயே ஒருத்தன் இருந்தான், இப்போதும் இருக்கிறான். அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். முதல் வருஷம் எல்லோரும் அவனை 'தொப்பை' என்றே கூப்பிட்டோம். நானும்தான். இரண்டாம் வருஷம் ஜிம். சோறு தொடமாட்டான். தினமும் பத்து முட்டை, வெள்ளைக்கரு மட்டும். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் ஜில்லாவில் பிறந்துவிட்டு மஞ்சள் கருவைக் குப்பையில் போடுகிறானே என்று கிண்டல் செய்தோம். ஆனால் சனிக்கிழமை ராத்திரி ஆனால் ஒன்பது பரோட்டா, ரெண்டு ஆம்லெட், ஒரு பாக்கெட் மிக்சர், ஐஸ்கிரீம். பத்து நிமிஷம் கழித்து பாத்ரூம். பைப்பைத் திறந்துவிட்டிருப்பான். அந்தத் தண்ணிச் சத்தம் எதற்கு என்று எனக்குத்தான் தெரிந்தது, அக்காவால்.

இதற்கு புலிமியா என்று பெயர். ஜெரால்ட் ரஸ்ஸல் என்பவர் 1979-இல் பெயர் வைத்தார். இதில் ஆள் மெலிய மாட்டான். அதனால் யாருக்கும் தெரியாது. தெரிகிற இடங்கள் வேறு. விரல் மொட்டியில் பல் பட்டுப் பட்டு ஏறிய காய்ப்பு. காதுக்குக் கீழே கன்னம் வீங்கியிருக்கும்; நாம் பொன்னுக்கு வீங்கி என்போம். வாந்தியின் அமிலத்தில் முன்பல்லின் உள்பக்கம் கரைந்து, ஐஸ் பட்டால் கூசும். பல் டாக்டர்தான் பல சமயம் இதை முதலில் பார்க்கிறவர். மின்னியல்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இதயமும் மின்சாரத்தில் ஓடுகிற சாமான்தான். வாந்தி எடுக்க எடுக்க உடம்பில் பொட்டாசியம் குறையும். குறைந்தால் அந்த வயரிங் தாறுமாறாகும். இருபது வயசுப் பையன் பரோட்டா தின்றுவிட்டு வந்து படுத்தவன் எழாமல் போகலாம். நல்ல சேதி என்னவென்றால், இதற்கு வைத்தியம் நன்றாக வேலை செய்கிறது. வாரா வாரம் பேசி, சாப்பாட்டை எழுதிவைத்துப் பார்த்து, எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்துகிற சிகிச்சை சுமார் இருபது அமர்வு. சிலருக்கு ஃப்ளூயாக்ஸெடின் மாத்திரையும் உதவுகிறது.

அவனிடம் எப்படிப் பேசுவது என்று மூன்று வாரம் யோசித்தேன். கடைசியில் மொட்டை மாடியில் வைத்து, "டேய், சனிக்கிழமை நீ வாந்தி எடுக்கறது எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல. உனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதா?" என்று மட்டும் கேட்டேன். அடிக்க வந்தான். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து, "மாப்ள, அந்த நம்பர் என்ன?" என்றான். 14416. டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். அங்கே பேசியபிறகு முதலில் ஈ.சி.ஜி.யும் பொட்டாசியமும் பார்த்தான். இப்போது மாதம் ரெண்டு தடவை போய்வருகிறான். முழுக்க நின்றுவிட்டதா என்றால் இல்லை. செமஸ்டர் வந்தால் திரும்ப வருகிறது. 'தொப்பை' என்று இன்னும் ரெண்டு பேர் கூப்பிடுகிறார்கள். அவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும்.

என் கருத்து இதுதான், பேரவைக்கும் நிர்வாகத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன். நம் ஹாஸ்டலில் மெஸ் கட் ரிஜிஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. யார் எத்தனை வேளை சாப்பிடவில்லை என்று மாதக் கடைசியில் காசு கழிக்க மட்டும்தான் அதைத் திறக்கிறோம். ஊருக்கும் போகாமல் மாதம் முப்பது வேளை மெஸ் கட் போட்டவன் எங்கே சாப்பிட்டான் என்று வார்டன் ஒருவர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் போதும். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. அடுத்து, மருத்துவ முகாம் நடக்கும்போது எடையைச் சத்தமாகப் படிக்கிற வழக்கம். "எண்பத்தெட்டு!" என்று ஒருவர் கத்த, வரிசையே சிரிக்கிறது. எழுதிக் கொடுத்தால் ஆகாதா? எடை பார்க்கிற இடத்திலேயே நாடியும் பிரஷரும் பார்த்தால், சிரிப்பதற்குப் பதிலாக ஒரு உயிரைப் பிடிக்கலாம்.

மாவட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஜனவரியில் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. எங்கள் காலத்துக்கு, எங்கள் அக்கா மாதிரி ஒருத்தியைக் கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசியம் இருக்கக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வயித்து வலி என்று வருகிற பெண்ணிடம், காரணமில்லாமல் எடை குறைந்திருந்தால், "நேத்து என்ன சாப்பிட்டே? மிச்சத்தை என்ன பண்ணினே?" என்று கேட்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். விரதத்தை யாரும் குறை சொல்ல வேண்டாம். நானும் சாமி கும்பிடுகிறவன்தான். விரதம் என்றால் அதற்கு ஒரு முடிவு நேரம் உண்டு. பொழுதோட இலை போட்டு வயிறாரச் சாப்பிடுவார்கள். இலை போடும்போது எழுந்து ஓடுகிறவள் இருக்கிறது வேறு என்னவோ. எங்கள் வீட்டில் அந்த வித்தியாசத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரையை அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் இப்போது 49 கிலோ. நர்சிங் சேர்ந்து இரண்டாம் வருஷம். போன ஆடிப் பதினெட்டுக்கு எல்லோரும் அணைக்குப் போயிருந்தோம். பூங்கா வாசலில் பெரியப்பா மீன் வாங்கிக் கொடுத்தார், அவள் சாப்பிட்டாள் என்று கடைசியில் எழுதியிருந்தேன். "பொய் எழுதாதே. பாதிதான் தின்னேன். மீதியை உனக்குக் குடுத்தேன், நீதான் தின்னே" என்றாள். யோசித்துப் பார்த்தேன். ஆமாம், பாதிதான். மாற்றி எழுதிவிட்டேன்.